பழகிய முகமும் புதிய சட்டையும்
சரக்கின் தோற்றம் மாறும்போது வாடிக்கையாளர் மனம் என்ன செய்கிறது?



நம் கடைகளில் வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கிற காட்சி இது. வழக்கமாக வாங்கும் சோப்பையோ தேயிலைத் தூளையோ வாடிக்கையாளர் கேட்கிறார். எடுத்துக் கொடுக்கிறோம். கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார். "இது அதுதானா?" என்கிறார். "அதேதாம்மா, கம்பெனியில கவரை மாத்திட்டாங்க" என்கிறோம். "பழைய கவர்ல ஒண்ணு கிடந்தா குடுங்களேன்" என்கிறார். உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ஆனாலும் அவர் கை பழைய உறையையே தேடுகிறது.

அதே அம்மாள் பணம் கொடுக்கும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் புதிதாகத் தொங்கும் ஒரு மிட்டாய்ச் சரத்தைப் பார்க்கிறார். "இது என்ன, புதுசா இருக்கே, பிள்ளைக்கு ரெண்டு குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போகிறார்.

ஐந்து நிமிடத்துக்குள் ஒரே ஆள் புதியதைக் கண்டு பயப்படவும் செய்கிறார், ஆசைப்படவும் செய்கிறார். இது ஏன் என்று தெரிந்துகொண்டால் கொள்முதலிலும் இருப்பிலும் பல நட்டங்களைத் தவிர்க்கலாம். இதைத் தெரியாமல் நாம் இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டோம். அந்த இரண்டு கதைகளையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அறிஞர்கள் இதைப்பற்றிக் கண்டறிந்தவற்றையும், கடையில் நாம் கடைப்பிடிக்கத்தக்கவற்றையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

முதல் பாடம்: புதியதைத் திருப்பி அனுப்பினோம்

மதுரை கீழமாசி வீதியில் நம் தந்தையார் தொடங்கிய மளிகை மொத்தக் கடையில், படிப்பு முடிந்ததும் நாமும் உட்கார்ந்தோம். மளிகையோடு சொந்தமாக ஒரு சீயக்காய்த் தூளும் போட்டு வந்தோம். மஞ்சள் காகிதப் பொட்டலம், அதில் சிவப்பு மையில் ஒரு செம்பின் படம். நாம் வைத்த பெயரை ஒருவரும் சொல்வதில்லை. "சொம்புத் தூள்" என்றுதான் கேட்பார்கள்.

1980-களின் தொடக்கத்தில் ஷாம்பு சிறு உறைகளில் வரத் தொடங்கியது. இதற்கு மூலவர் நம் தமிழ்நாட்டுக்காரரே. பெரிய புட்டியில் விற்கும் பொருளைச் சிறு உறையில் அடைத்தால் கூலி வேலை செய்பவரும் வாங்க முடியும் என்று எண்ணியவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவருக்குப் பின் அவருடைய புதல்வர்கள் வெல்வெட் ஷாம்புவைக் கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவரான சி. கே. ரங்கநாதன் 1983-ஆம் ஆண்டில் தனியே பிரிந்து, 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அந்த நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் ஆனது.

அப்போது இப்படிப்பட்ட உறைகளை ஒரு விற்பனைப் பிரதிநிதி நம் கடைக்குக் கொண்டு வந்து காட்டினார். "சீயக்காயும் அரப்பும் தேய்க்கிற ஊர்ல இதை யார் வாங்குவா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினோம். சொந்தச் சரக்கு சீயக்காயாக இருந்ததும் அந்தக் கேள்விக்கு ஒரு காரணம். நான்கு கடை தள்ளி இருந்தவர் வாங்கிப் போட்டார். இரண்டே வருடத்தில் நம்மிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள், ஷாம்புச் சரத்துக்காக அவர் கடைக்குப் போய், போன இடத்திலேயே பருப்பும் புளியும் சேர்த்து எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு சரக்கைத் திருப்பி அனுப்பியதில் ஒன்பது சரக்கின் வியாபாரம் நழுவியது.

நாம் செய்த தவறு என்ன என்பது வெகுநாள் கழித்தே விளங்கியது. உறையில் இருந்த ஷாம்பு புதிது என்பதை மட்டும் பார்த்தோம். வாங்கும் விதம் பழையது என்பதைப் பார்க்கத் தவறினோம். அன்றாடக் கூலி வாங்குபவர் அன்றைக்கு வேண்டிய எண்ணெயையும் காப்பித்தூளையும் அன்றைக்கே கொஞ்சமாக வாங்குவது நம் ஊர்களில் காலங்காலமாக இருக்கிற வழக்கம். ஷாம்பு உறை அந்த வழக்கத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வாங்கும் கைக்கு அது புதிதாகவே படவில்லை.

இரண்டாம் பாடம்: பழையதைத் தூக்கி எறிந்தோம்

முதல் தவறுதான் இரண்டாவதற்கு வழி வெட்டியது. 'இனி எந்தப் புதுமைக்கும் பின்தங்கக் கூடாது' என்ற வைராக்கியம் நமக்கு வந்துவிட்டது. 1996-ஆம் ஆண்டில், நமக்கு முப்பத்தாறு முப்பத்தேழு வயது. கடைப் பொறுப்பு பெரும்பாலும் நம் கைக்கு வந்திருந்தது. சொம்புத் தூளின் மஞ்சள் பொட்டலம் கர்நாடகமாகத் தெரிந்தது. பளபளப்பான பிளாஸ்டிக் உறை, பச்சை நிறம், நீண்ட கூந்தலோடு ஒரு பெண் படம், பெரிய எழுத்தில் பெயர் என்று மாற்றினோம். செம்பு பின்பக்கம் மூலையில் நகத்தளவுக்குச் சுருங்கியது. தந்தையார் பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. நம்மளுது எங்கே?" என்று மட்டும் கேட்டார். அதை நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தூள் அதே அரவை, அதே கலவை. விலையையும் ஏற்றவில்லை. முதல் மாதம் கடைக்காரர்கள் நம் முகத்துக்காக எடுத்தார்கள். இரண்டாம் மாதம் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. திருமங்கலம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் நேரிலேயே வந்து, "அண்ணாச்சி, சொம்புன்னு சிட்டையில போட்டிருக்கீங்க, பெட்டியில சொம்பு இல்லையே. டூப்ளிகேட்டுன்னு சொல்லி ஜனங்க என்னையச் சத்தம் போடுறாங்க" என்றார்.

அவரோடு ஒருநாள் அவர் கடையில் போய் உட்கார்ந்தோம். வயதான ஒரு அம்மாள் வந்தார். முப்பது வருடமாக நம் தூளைத்தான் தேய்க்கிறாராம். எழுதப் படிக்கத் தெரியாது. புதுப் பொட்டலத்தைப் போன மாதம் வாங்கியிருக்கிறார். "வாசம் மாறிப்போச்சுய்யா. முன்ன மாதிரி நுரையும் இல்லை. முடி கொட்டுது" என்றார். அதே தூள்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னோம். "நீங்க சொல்றீங்க. தலை எனக்குல்ல இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இதைவிடப் பெரிய அடி அடுத்து வந்தது. நாம் கைவிட்ட இடம் காலியாக இருப்பதைக் கண்ட வேறொருவர், மஞ்சள் காகிதத்தில் சிவப்பு மையில் ஒரு குடத்தைப் போட்டுச் சீயக்காய்த் தூள் இறக்கிவிட்டார். சொம்பைத் தேடி வந்தவர்கள் குடத்தை வாங்கிப் போனார்கள். நம் தந்தையார் நாற்பது வருடம் கட்டி வளர்த்த முகத்தை நாமே கழற்றித் தெருவில் வைத்தோம், இன்னொருவர் எடுத்து மாட்டிக்கொண்டார்.

அச்சடித்த புது உறைகளை எடைக்குப் போட்டோம். மஞ்சளையும் செம்பையும் திரும்பக் கொண்டு வந்தோம். பழைய விற்பனையின் பக்கத்தில் வருவதற்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. குடத்துக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர் இன்றுவரை திரும்பவில்லை. தந்தையார் ஒருமுறைகூடக் குத்திக்காட்டவில்லை. "நாம தூள் வித்தோம்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். அவங்க வாங்கினது சொம்பைத்தான்" என்று ஒருநாள் சொன்னார், அவ்வளவுதான்.

மனோதத்துவம் என்ன சொல்கிறது?

தந்தையார் அனுபவத்தில் சொன்னதை மேனாட்டு அறிஞர்கள் சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் சயான்ஸ் என்பவர் 1968-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பொருளே இல்லாத சொற்கள், சீன எழுத்தைப் போன்ற குறிகள், முன்பின் தெரியாதவர்களின் முகப்படங்கள் ஆகியவற்றைச் சிலருக்குக் காட்டினார். சிலவற்றை ஒருமுறை, சிலவற்றை 2, 5, 10 முறை, சிலவற்றை 25 முறை காட்டினார். பிறகு "இவற்றில் எது நல்லதாகத் தோன்றுகிறது?" என்று கேட்டார். எதை அதிக முறை பார்த்தார்களோ அதுவே அதிகம் நல்லதாகத் தோன்றியது. காரணம் எதுவும் இல்லை. கண்ணுக்குப் பழகியது என்பது ஒன்றே காரணம்.

அடுத்து அவரும் அவருடைய கூட்டாளியும் பல்கலைக்கழக நாளிதழ்களில் தினந்தோறும் ஒரு சிறு கட்டத்துக்குள் பொருளற்ற சில சொற்களை விளக்கம் ஏதுமின்றி அச்சிட்டார்கள். சில சொற்கள் அடிக்கடி வந்தன, சில எப்போதாவது வந்தன. பின்பு வாசகர்களைக் கேட்டபோது, அடிக்கடி வந்த சொற்களையே நல்ல பொருள் உடையவை என்று சொன்னார்கள். ஒரே விளம்பரத்தைச் சலிக்காமல் போடும் கம்பெனிகள் பணத்தை வீணடிக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

பழகியது ஏன் நல்லதாகத் தோன்றுகிறது? நேற்று தின்று இன்று உயிரோடு இருந்தால் அந்தப் பண்டம் கெடுதல் செய்யாதது என்பது மனிதனுக்கு ஆதியிலிருந்து வந்த கணக்கு. அதோடு, பழகியதை அடையாளம் காண மூளைக்கு வேலை குறைவு. கடையில் நூறு பொருள்கள் அடுக்கியிருக்கும்போது வாடிக்கையாளர் எழுத்தைப் படித்துக்கொண்டு நிற்பதில்லை. முதலில் நிறம், பிறகு உருவம், அதன்பின் படம், இவற்றை வைத்தே கை நீட்டுகிறார். படித்தவரும் அப்படித்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. டேனியல் கானெமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு அறிஞர்கள் 1979-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, நூறு ரூபாய் கிடைத்தால் வரும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் தொலைந்தால் வரும் வருத்தம் பெரிது. கானெமனுக்கு 2002-ஆம் ஆண்டில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. உறையை மாற்றுகிற கம்பெனி, 'வாடிக்கையாளருக்குப் புதிதாக ஒன்று கொடுக்கிறோம்' என்று நினைக்கிறது. வாடிக்கையாளரோ, 'என்னிடம் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்' என்று நினைக்கிறார்.

இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது கோகோ கோலா நிறுவனம். 1985 ஏப்ரல் 23-ஆம் நாள் தன் பானத்தின் கலவையை மாற்றி வெளியிட்டது. அதற்கு முன் ஏறக்குறைய 2 லட்சம் பேருக்குக் கொடுத்து ருசி பார்க்கச் சொன்னார்கள், பெரும்பாலோர் புதியதே நன்று என்றார்கள். கடைக்கு வந்தபின் நடந்தது வேறு. நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 1,500 தொலைபேசி அழைப்புகள் வரை வந்தன. எல்லாம் வசவு. 79 நாளில் பழைய பானத்தைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். 'புதியது ருசியாக இருக்கிறதா?' என்று 2 லட்சம் பேரைக் கேட்ட நிறுவனம், 'பழையதை எடுத்துவிட்டால் சம்மதமா?' என்ற கேள்வியின் கனத்தை உணரத் தவறிவிட்டது.

கண் சொன்னதை நாக்கு நம்பும்

திருமங்கலத்து அம்மாள் வாசம் மாறிவிட்டது என்றபோது, வீம்புக்குச் சொல்கிறார் என்றே அன்று நினைத்தோம். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வாசம் உண்மையாகவே மாறித்தான் இருந்தது.

இதற்கும் ஒரு சான்று உண்டு. அதே கோகோ கோலா நிறுவனம் 2011-ஆம் ஆண்டுக் கடைசியில் பனிக்கரடிகளின் பாதுகாப்புக்காக வழக்கமான சிவப்புக் குவளையை வெள்ளை நிறத்தில் வெளியிட்டது. உள்ளே இருந்தது அதே பானம். சர்க்கரை இல்லாத பானத்தின் வெள்ளி நிறக் குவளையோடு குழப்பிக்கொண்டவர்கள் பலர். அதுமட்டுமன்றி, 'ருசி மாறிவிட்டது' என்று சொன்னவர்களும் உண்டு. கிறிஸ்துமஸ் வருமுன்பே சிவப்புக்குத் திரும்பினார்கள். அமெரிக்காவில் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதையே ஆராய்ந்த லூயி செஸ்கின் என்பவர், உறையைப் பார்த்து உண்டாகும் எண்ணத்தை மனிதர் தம்மையறியாமல் உள்ளே இருக்கும் பொருளின்மீது ஏற்றிவிடுகிறார்கள் என்று விளக்கினார்.

ஆகவே, 'உள்ளே இருப்பது அதேதான்' என்ற வாதம் வாடிக்கையாளரிடம் எடுபடாது. அவருக்கு உறையும் சரக்கில் ஒரு பகுதி.

அப்படியானால் புதியது ஏன் விலை போகிறது?

'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' என்ற பழமொழி நம்மிடமே இருக்கிறது. அளவுக்கு மீறி ஒன்றையே பார்த்தால் சலிப்பு வருகிறது என்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மனிதனுக்குப் பயமும் உண்டு, ஆவலும் உண்டு. எது எப்போது முந்தும் என்பதற்கு நம் அனுபவத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. தவறிப்போனால் நட்டம் சிறிதென்றால் ஆவல் முந்தும், நட்டம் பெரிதென்றால் பயம் முந்தும்.

மிட்டாய், சிறு பிஸ்கட் பொட்டலம், ஊதுபத்தி இவை சரியில்லை என்றால் போவது சில ரூபாய்தான். ஆகவே புதிதை வாங்கிப் பார்ப்பார்கள். மாதம் முழுவதும் பொங்க வேண்டிய 25 கிலோ அரிசி மூட்டை, கைக்குழந்தைக்குப் போடும் சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், விசேஷ வீட்டுச் சாம்பார்ப் பொடி இவற்றில் தவறினால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். ஆகவே பழகிய படத்தைத்தான் தேடுவார்கள். ஷாம்பு உறை வென்றதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. புட்டியாக வாங்கிப் பிடிக்காமல் போனால் பெரிய நட்டம். ஓர் உறை வாங்கிப் பிடிக்காமல் போனால் சில்லறைக் காசு.

'மாயா' என்னும் நடுவழி

பிரான்சில் 1893-ஆம் ஆண்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரேமண்ட் லோவி என்பவர், குளிர்சாதனப் பெட்டி, ரயில் எஞ்சின், பேருந்து, கார், சிகரெட் பெட்டி என்று பலவற்றுக்கும் உருவம் அமைத்துக் கொடுத்தவர். 'மிக முன்னேறியதாக இருக்க வேண்டும், ஆனாலும் மக்கள் ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும்' என்பது அவருடைய கொள்கை. அந்த ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'மாயா' என்று வரும். அறிமுகம் இல்லாத பொருளுக்கு அறிமுகமான முகத்தைக் கொடு, அலுத்துப்போன பொருளுக்குக் கொஞ்சம் புதுமையைக் கொடு என்பதே அதன் சாரம்.

எடிசன் இதை முன்பே செய்து காட்டினார். 1882-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் மின்விளக்கு கொடுக்கத் தொடங்கியபோது, ஊரெங்கும் எரிந்தது வாயு விளக்கு. வாயுக் குழாய் மண்ணுக்கடியில் போனதைப் போலவே மின்கம்பியையும் மண்ணுக்கடியில் கொண்டு போனார். விளக்கின் வெளிச்சத்தை வாயு விளக்கின் அளவுக்கே வைத்தார். வாயுவுக்கு இருந்ததைப் போலவே மின்சாரத்துக்கும் மீட்டர் வைத்தார். முற்றிலும் புதிய சரக்கை, மக்கள் ஏற்கெனவே பழகிய வடிவத்தில் வீட்டுக்குள் கொண்டு சேர்த்தார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் வீட்டு மாவரைக்கும் கிரைண்டரைப் பாருங்கள். 1955-ஆம் ஆண்டில் கோவையைச் சேர்ந்த சபாபதி என்பவர் இதை உருவாக்கினார் என்பர். மோட்டார் புதிது, கல் பழையது. ஆட்டுக்கல்லில் குழவியைக் கை சுற்றும், கல் அசையாது. கிரைண்டரில் குழவி ஓரிடத்தில் நிற்க, கல் பதித்த பாத்திரம் சுற்றும். வேலை தலைகீழாக மாறியும், உள்ளே எட்டிப் பார்க்கும் பெண்ணுக்குக் கல்லும் குழவியும் கண்ணில் பட்டன. 'கல்லில் அரைத்த மாவு' என்ற நம்பிக்கை உடையவே இல்லை. நம் ஊர்களில் அது வீட்டுக்கு வீடு புகுந்ததற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

நாணயம் கற்றுக்கொடுத்தது

நாம் தினமும் தொட்டுப் புழங்கும் நாணயத்திலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

1957 ஏப்ரல் 1-ஆம் நாள் அணாக் கணக்குப் போய், ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற கணக்கு வந்தது. நாடு முழுவதும் ஒரே நாளில் மாற வேண்டிய பெரிய மாற்றம். தந்தையார் அந்த நாட்களின் குழப்பத்தைக் கதை கதையாகச் சொல்வார். ஆனால் ரூபாய் ரூபாயாகவே நின்றது. 25 பைசாவும் 50 பைசாவும் பழைய நாலணா, எட்டணாவின் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. மக்கள் அந்தப் பிடியைப் பற்றிக்கொண்டே அக்கரைக்கு வந்துவிட்டார்கள். 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-உடன் 25 பைசா செல்லாததாகும் வரையில் அதை 'நாலணா' என்றே சொன்னோம். அதாவது அணா போய் அரை நூற்றாண்டு கழிந்த பின்பும்.

மறுபக்கம் 10 ரூபாய் நாணயம். 2009 முதல் புழக்கத்துக்கு வந்த இந்த நாணயம் பல உருவங்களில் வந்தது. ரூபாய்க் குறியீடு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று, கோடுகள் 10 உள்ளது ஒன்று, 15 உள்ளது ஒன்று. எல்லாம் அரசு வெளியிட்டவை. ஆனால் ஒரே மதிப்புக்குப் பல முகங்கள் இருந்ததால், 'ஒன்று அசல் என்றால் மற்றது போலி' என்ற வதந்தி கிளம்பிற்று. தமிழ்நாட்டின் பல ஊர்களில் பேருந்திலும் கடையிலும் வாங்க மறுத்தார்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே 2018 ஜனவரியில் அறிக்கை விட வேண்டியதாயிற்று. அதன் பின்பும் வாங்க மறுத்தவர்கள் உண்டு. அந்த மறுத்தவர்களில் வியாபாரிகளாகிய நாமும் இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசாங்க முத்திரை போட்ட காசையே முகம் மாறினால் நாம் நம்பவில்லை. நம் பொட்டலத்தின் முகம் மாறினால் வாடிக்கையாளர் நம்பவில்லையே என்று குறைப்பட நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

கடையில் கடைப்பிடிக்க

1. கம்பெனி உறையை மாற்றினால், வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கும்போதே, "கவர் மாறியிருக்கு" என்று நாமே சொல்லிவிட வேண்டும். அவராகக் கண்டுபிடித்தால் சந்தேகம் வரும்.

2. அப்படிச் சொல்வதற்கு முன் நிகர எடையைப் படித்துப் பார்க்கவும். இது மிக முக்கியம். உறை மாறும்போது எடை குறைவதும் சேர்ந்தே நடப்பது உண்டு. எடை குறைந்திருந்தால், "அதே சரக்குதான்" என்று சொல்லாதீர்கள். "விலை அதே, எடை இவ்வளவு குறைஞ்சிருக்கு" என்று சொல்லுங்கள். வாடிக்கையாளரின் சந்தேகம் பல நேரம் நியாயமானதே. கம்பெனிக்காக நாம் பொய் சொன்னால் போவது கம்பெனியின் பெயர் அல்ல, நம் கடையின் பெயர்.

3. பழைய உறை இருப்பு உள்ளவரை பழையதையும் புதியதையும் அடுத்தடுத்து வைக்கவும். கண் இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பழகினால், பழையது தீரும்போது புதியதும் பழகியதாகிவிடும். காலாவதித் தேதி மட்டும் கவனத்தில் இருக்கட்டும்.

4. சொந்த முத்திரையில் பொடியோ ஊறுகாயோ போடுபவர்கள், லேபிளை மாற்றுவதற்கு முன் பத்து வாடிக்கையாளரிடம் பொட்டலத்தைக் காட்டாமல், "நம்ம பாக்கெட் எப்படி இருக்கும், சொல்லுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலோர் எதைச் சொல்கிறார்களோ, அது நிறமோ படமோ, அதுதான் உங்கள் முகம். அதைத் தொடாதீர்கள். மற்ற எதை வேண்டுமானாலும் மாற்றலாம்.

5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவும். உறை, விலை, எடை மூன்றையும் ஒரே மாதத்தில் மாற்றினால், விற்பனை விழுந்த பிறகு எதனால் விழுந்தது என்றே தெரியாது.

6. புதுச் சரக்கை முதல் வார ஓட்டத்தைப் பார்த்து மூட்டைக்கணக்கில் வாங்கிக் குவிக்கக் கூடாது. முதல் தடவை வாங்குவது ஆவல். இரண்டாம் தடவை கேட்டு வந்தால்தான் வியாபாரம். அதேபோல் முதல் வாரம் ஓடவில்லை என்று ஒதுக்கவும் கூடாது. கண்ணுக்குப் பழகக் கொஞ்சம் காலம் கொடுத்து, கல்லாவிலிருந்து பார்வை படும் இடத்தில் வைக்கவும். 'இதில் எந்தப் பகுதி புதிது, எந்தப் பகுதி பழையது?' என்று பிரதிநிதியிடம் கேட்கவும். முழுவதும் புதிது என்றால் குறைவாக எடுக்கவும்.

7. கடைக்கும் முகம் உண்டு. பலகை, அலமாரி வரிசை, எடை போடும் இடம் இவற்றை ஒரே இரவில் புரட்டிப் போட்டால், பத்து வருட வாடிக்கையாளரும் அந்நியர் போல் விழிப்பார். புதுப்பிக்கும்போது, அவர்கள் தினமும் தேடும் பருப்பு, எண்ணெய், தேயிலை இருந்த இடத்தை மட்டுமாவது அப்படியே விடவும்.

8. எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளரின் சொல்லைத் தட்டாதீர்கள். அவர் நம்மைவிட உன்னிப்பாக உறையைப் பார்க்கிறார். அவருக்கு வேறு ஆதாரம் இல்லை.

இன்று நம் கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். காகிதப் பொட்டலத்தில் மழைக்காலத்தில் தூள் கட்டி தட்டுகிறது என்று இரண்டு வருடத்துக்கு முன் அவர் உறையை மாற்ற நினைத்தார். நமக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் 1980-களில் செய்ததைப் போல வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. "மாத்து. மஞ்சளையும் சொம்பையும் மட்டும் விட்டுடு" என்றோம். வாய் மூடித் திறக்கும் பிளாஸ்டிக் உறை வந்தது. அதே மஞ்சள், அதே இடத்தில், அதே அளவில் சிவப்புச் செம்பு. மூன்று மாதம் காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே அனுப்பினோம். சரக்கு ஒன்றும் திரும்பவில்லை.

தந்தையார் இப்போது இல்லை. முதல் உறை அச்சாகி வந்த அன்று, அதை மகன் கொண்டு வந்து நம் கையில் கொடுத்தார். முன்பக்கம் திருப்பிப் பார்த்தோம். செம்பு இருந்தது. சரக்கு அனுப்பச் சொன்னோம்.

அன்பர்கள் தம் கடைகளில் கண்ட இத்தகைய அனுபவங்களைச் சங்க இதழுக்கு எழுதி அனுப்பினால் மற்றவர்களுக்கும் பயன்படும். ஒருவர் பட்ட நட்டம் ஊருக்குப் பாடமாகட்டும்.